அஸ்கிரிய கணக்க பல்லேகலயில எழுதாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை உங்க விளையாட்டுப் பக்கத்துல பல்லேகல மைதானத்த பத்தி பெருசா ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முரளி (முத்தையா முரளிதரன்) டெஸ்ட்ல உலக சாதனை படைச்ச 709ஆவது விக்கெட் எடுத்ததும் அங்கதான்னு எழுதியிருந்தீங்களே, அத வாசிச்சிட்டு சும்மா இருக்க முடியல. அந்த விக்கெட் விழுந்தது 2007 டிசம்பர் 3ஆம் திகதி. அன்னைக்கு பல்லேகலயில ஸ்டேடியமே கெடையாது, அத தொறந்ததே 2009 நவம்பர்லதான். இங்கிலாந்து கொலிங்வூட் போல்ட் ஆனது கண்டி டவுனுக்கு மேல இருக்குற அஸ்கிரியவுல, ட்ரினிட்டி கொலேஜுக்கு சொந்தமான கிரவுண்ட்ல.

எழுதுனவர மட்டும் குத்தம் சொல்லல. டீவியில ரெண்டையும் கண்டின்னுதான் சொல்றாங்க, அதனால இப்ப உள்ள பொடியன்மாருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அண்ணன் காணி உறுதியையும் தம்பி காணி உறுதியையும் ஒண்ணா சேத்து தச்சு வச்ச மாதிரி ஆயிருச்சு.

அஸ்கிரியவுல மொத டெஸ்ட் நடந்தது 1983 ஏப்ரல்ல. நமக்கு டெஸ்ட் அந்தஸ்து கெடச்சதே 1981லதான், ரெண்டு வருசத்துக்குள்ள அவுஸ்திரேலியா மலைநாட்டுக்கு வந்து ஆடுறாங்கன்னா யோசிச்சு பாருங்க. அப்ப கிரிக்கெட் போர்டு தலைவர் காமினி திசாநாயக்க, அவரும் ட்ரினிட்டி பழைய மாணவர், நுவரெலியா எம்.பி.யும் அவர்தான். மெட்ச்ல நாம இன்னிங்ஸ் தோல்வி, 38 ஓட்டம். டேவிட் ஹூக்ஸ் அவரோட டெஸ்ட் வாழ்க்கையில அடிச்ச ஒரே செஞ்சரி அங்க அடிச்ச 143தான், நம்ம சிதத் வெத்தமுனி 96ல அவுட்.

அதுக்கப்புறம் அந்த கிரவுண்ட் பாக்காத கூத்து இல்ல. 1993ல இந்தியா வந்தப்ப மழை விடவே இல்ல, அஞ்சு நாள் டெஸ்ட்ல மொத்தமே 12 ஓவர்தான் போட முடிஞ்சிச்சு. அடுத்த வருசம் வசீம் அக்ரமும் வக்கார் யூனிசும் சேந்து நம்மள 71க்கு சுருட்டுனாங்க, 2024ல டர்பன்ல 42க்கு அவுட் ஆகுற வரைக்கும் அதுதான் நம்ம ஆகக் கொறஞ்ச டெஸ்ட் ஸ்கோர். ஆனா அதே இடத்துலதான் 1996 உலகக் கிண்ணத்துல கென்யாவுக்கு 398 அடிச்சோம், அரவிந்த 145, கப்டன் அர்ஜுன 40 பந்துல 75, அந்த 398 பத்து வருசம் ஒருநாள் போட்டியில உலக சாதனையா நின்னுச்சு. 1999ல அவுஸ்திரேலியாவ மொத மொதல்ல டெஸ்ட்ல தோக்கடிச்சதும் அங்கதான், ஸ்டீவ் வோவும் கிலெஸ்பியும் ஒரு கெட்ச்சுக்கு ஓடி மோதி ஒருத்தருக்கு மூக்கு ஒருத்தருக்கு கால் ஒடஞ்ச மெட்ச், பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாதனைன்னு எழுதுனா இதையெல்லாம் விட்டுட்டு எழுத முடியுமா?

இப்ப முரளி விசயத்துக்கு வாறேன். அஸ்கிரியவுல மட்டும் அவர் எடுத்தது 117 டெஸ்ட் விக்கெட். 2004 மார்ச்ல 500ஆவது விக்கெட்டும் இங்கதான் (ஷேன் வோர்ன் நாலு நாளைக்கு முன்னாடிதான் காலியில 500 எடுத்திருந்தார், அந்த போட்டியும் பொறாமையும் அப்ப எவ்வளவு இருந்துச்சு!). எல்லாத்தயும் விட 2002 ஜனவரி சிம்பாப்வே மெட்ச். மொத நாள் முடியும்போது ஒம்பது விக்கெட்டும் முரளிக்குத்தான், ராத்திரி பூரா நாடே பத்தாவது விக்கெட்டுக்கு காத்திருந்துச்சு, மறுநாள் காலையில ஷோர்ட் லெக்ல ரஸல் ஆர்னல்ட் கைக்கு வந்த கெட்ச்ச விட்டுட்டார், பெறகு சமிந்த வாஸ் வேணும்னு எடுக்காத விக்கெட் அவருக்கு விழுந்துருச்சு. முரளிக்கு 51 ஓட்டத்துக்கு 9 விக்கெட். அந்த கெட்ச்ச மட்டும் புடிச்சிருந்தா ஒரே இன்னிங்ஸ்ல பத்து விக்கெட்டும் எடுத்த ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளேக்கு அடுத்து முரளி பேரும் இருந்திருக்கும், எனக்கு இன்னும் அந்த கவல தீரல.

2007 மெட்ச்தான் அஸ்கிரியவுல கடைசி டெஸ்ட். முரளிய பத்தியே எல்லாரும் பேசுறதால மத்தது மறந்து போச்சு. சங்கக்கார படிச்ச ஸ்கூல் கிரவுண்ட் அது, அங்க மொத இன்னிங்ஸ்ல 92, ரெண்டாவதுல 152. ஜயசூரியவுக்கும் அதுதான் கடைசி டெஸ்ட், போற போக்குல அண்டர்சனோட ஒரே ஓவர்ல ஆறு பவுண்டரி அடிச்சிட்டுத்தான் போனார். இங்கிலாந்து 88 ஓட்டத்தால தோத்துச்சு.

பல்லேகலய கொறச்சு சொல்லல, அதுக்கும் சொந்தக் கணக்கு இருக்கு. 2010 டிசம்பர்ல மொத டெஸ்ட்டோட மொத பந்துலயே லக்மால் கிறிஸ் கெயில எல்.பி. ஆக்குனார். 2015ல பாகிஸ்தான் 377 ஓட்டத்த மூணு விக்கெட் மட்டும் குடுத்து தொரத்தி அடிச்சாங்க, யூனிஸ் கான் 171. அடுத்த வருசம் நாம 117க்கு அவுட் ஆகியும் குசல் மெண்டிஸோட 176னால அவுஸ்திரேலியாவ ஜெயிச்சோம், அது அவங்களுக்கு எதிரா நம்ம ரெண்டாவது டெஸ்ட் வெற்றி. 2024ல பெத்தும் நிஸ்ஸங்க ஒருநாள் போட்டியில ஆப்கானிஸ்தானுக்கு 210. லைட் வசதி, பார்க்கிங் எல்லாம் அங்கதான் இருக்கு, ஸ்கூல் கிரவுண்ட்ல இனி டெஸ்ட் வைக்க சொல்லி கேக்குறதுல அர்த்தமும் இல்ல.

ஆனா பல்லேகலயில முரளி ஒரு டெஸ்ட் கூட ஆடல. அவர் 800 விக்கெட்டோட காலியில நிறுத்துனது 2010 ஜூலையில. அவங்க அப்பாவோட பிஸ்கட் பெக்டரி இருந்த குண்டசாலைக்கு பக்கத்துலதான் அந்த ஸ்டேடியம், அதே ஜூலையில மத்திய மாகாண சபை முரளி பேர வைக்கிறதாவும் முடிவெடுத்துச்சு. இன்னைக்கும் அது பல்லேகல ஸ்டேடியம்தான். 1920ல தென்னிந்தியாவுலேர்ந்து தேயிலத் தோட்டத்துக்கு வந்தவரோட பேரன் முரளி, எங்க பாட்டன்மாரும் அப்படி வந்தவங்கதான், அந்தப் பேர் போர்டுல ஏறுறதுக்கு இவ்வளவு வருசமா என்ன தடங்கல்னு பத்திரிகக்காரங்க நீங்க கேட்டா பதில் வரும், நாங்க கேட்டா வராது.

தொரைமாரு காலத்து ரதெல்ல, டரவல கிரவுண்ட் கதையெல்லாம் தனியா எழுதணும், இதுல எடம் போதாது.

இனிமே சாதனை பட்டியல் போட்டா அஸ்கிரியவ தனியா, பல்லேகலய தனியா போடுங்க. 1983 மெட்ச் படம், டிக்கட் வச்சிருக்குற வாசகர்மார் கண்டி, மாத்தளை, ஹட்டன் பக்கம் கட்டாயம் இருப்பாங்க, ஒரு அறிவித்தல் குடுத்தா அனுப்புவாங்க. திருத்தம் போடும்போது உள்பக்கத்து மூலையில சின்னதா போடாம அதே விளையாட்டுப் பக்கத்துல போடுங்க, அந்த 9 விக்கெட் கணக்கையும் சேத்து.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்,
ஹட்டன்.