தேயிலைச் செடிக்கு அமினோ அமிலம் பண்ணத் தெரியாதா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

புரதத்துக்கு செங்கல்லு மாதிரி இருக்குற அமினோ அமிலத்த செடிக்கு தானா பண்ணத் தெரியாது, நாமதான் குடுக்கணும்னு போன வாரம் உங்க விவசாயப் பக்கத்துல ஒரு வரி வந்துச்சு. கோத்தகிரி பக்கம் ரெண்டு ஏக்கர் தேயிலை வச்சிருக்கேன், கவாத்து முடிஞ்ச கையோட மருந்துக் கடைல இதே வரிய சொல்லித்தான் தெளிக்கிற அமினோ அமிலம் ஒரு கேன என் தலைல கட்டுனாங்க.

பிளஸ் டூ படிக்கிற பொண்ணு கேன பாத்துட்டு ஒரே சிரிப்பு. அப்பா, புரதத்துக்கு வேண்டிய இருபது அமினோ அமிலத்தையும் செடி தானே பண்ணிக்கும், நமக்குத்தான் ஒன்பது பண்ண வராதுன்னா. அப்புறம் அவ புக்க வாங்கி ராத்திரில உக்காந்து படிச்சேன்.

செல்லுக்குள்ள சக்தி எடுக்குற கிரெப்ஸ் சுழற்சின்னு ஒண்ணு இருக்கு, 1937ல ஹான்ஸ் கிரெப்ஸ் சொன்னது. நான் அத வெறும் அடுப்புன்னுதான் நெனச்சிருந்தேன், ஆனா செடி நடு நடுவுல அதுல இருந்து பொருள உருவிக்குது சார். ஆல்ஃபா கீட்டோகுளூட்டாரிக் அமிலத்த உருவி நைட்ரஜன் ஏத்துனா குளூட்டாமிக் அமிலம்ங்கிற அமினோ அமிலம், யூரியாவோ சாணியோ எது போட்டாலும் கடைசில அமோனியாவாகி இங்கதான் வந்து சேரணும். அதுவும் நேரா ஏறாது, ஏற்கெனவே இருக்குற குளூட்டாமிக் அமிலத்துல ஒட்டி குளூட்டாமினாகி அங்கிருந்துதான் ஆல்ஃபா கீட்டோகுளூட்டாரிக் அமிலத்துக்கு கை மாறுது. குளூட்டாமிக் அமிலத்துல இருந்து புரோலின், ஆர்ஜினின்னு இன்னும் ரெண்டு அமினோ அமிலம். அதே சுழற்சில ஆக்ஸலோஅசிட்டிக் அமிலத்துக்கு நைட்ரஜன் கைமாத்துனா ஆஸ்பார்டிக் அமிலம், அதுல இருந்து லைசின், திரியோனின், மெத்தியோனின், இந்த மூணும் நம்மளால பண்ண முடியாத ஒன்பதுல சேத்தி. மத்தது பெரும்பாலும் சர்க்கரை ஒடையுற வழில வருது.

உருவிக்கிட்டே இருந்தா சுழற்சி நின்னுடாதான்னு பொண்ணுகிட்ட கேட்டேன். மூணு கார்பன் பொருள் ஒண்ணோட கரியமில வாயுவ சேத்து ஆக்ஸலோஅசிட்டிக் அமிலத்த மறுபடி ரொப்பிக்குமாம்.

நம்ம தேயிலை இன்னும் கெட்டிக்காரி, அந்த இருபதுலயே சேராத தியனின்ங்கிற அமினோ அமிலத்த குளூட்டாமிக் அமிலத்துல இருந்து வேர்லயே பண்ணி கொழுந்துக்கு ஏத்தி விடுது, டீ ருசிக்கு அதுவும் ஒரு காரணம். இதுக்கா பண்ணத் தெரியாது?

தெளிச்சா பலனே இல்லன்னு நான் சொல்லல, இலை உறிஞ்சத்தான் செய்யும். ஆனா தெரியாதுன்னு சொல்லி விக்கிறது பொய். நைட்ரஜனும் மெத்தியோனினுக்கு கொஞ்சம் கந்தகமும் மண்ணுல இருந்தா மீதிய அது பாத்துக்கும்.

அந்த வரிய திருத்திப் போடுங்க சார், எங்க ஊர் டீக்கடைல உங்க பேப்பர சத்தமா படிக்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி