மலையடிவார ஊர்களுக்கு ஸ்ட்ரெச்சரும் காப்பீடும் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

தேனி மாவட்டக் காடுகளில், தீ பரவாமலிருக்கச் செடிகொடிகளை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டும் பணி தொடங்கியிருப்பதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். வெட்டட்டும், அவசியமான வேலைதான். அதையும் மீறித் தீ பரவி யாராவது சிக்கிக்கொண்டால் முதலில் மேலே ஏறப்போவது யார் என்பது பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. போடி மலையடிவாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரியை நானே எழுதுகிறேன்.

முதலில் ஏறுவது எப்போதும் ஊர்க்காரர்கள்தான். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தார்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கு முன்பே புகை அடங்காத சரிவில் ஏறியவர்கள் சுற்றுவட்டார ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். கையில் கிடைத்த கம்பளியையும் துணியையும் கம்பில் கட்டி, வெந்த உடம்புகளை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். அந்தத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. மலைக்கு அந்தப்பக்கம், மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர்கள். தொலைபேசி வேலை செய்யாததால் வெளியுலகுக்கு விஷயம் எட்டவே மறுநாள் காலை ஆகிவிட்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் முகாம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் மலைக்கு அவர்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில மணி நேரம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கையில்தான்.

அந்தக் கைகளில் என்ன கொடுத்திருக்கிறோம்? ஒன்றும் இல்லை. செவிலியராக நான் அதிகம் வருந்துவது இதற்குத்தான். எங்கள் பக்கம் நோயாளியைத் தூக்க, கம்பில் துணியைத் தூளிபோல் கட்டிய டோலியைத்தான் நம்புகிறோம். காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் அதில் கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறோம். பாறையிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டவரை அதே டோலியில் வைத்தால், உடம்பு வில்லாக வளைந்து, நடக்க வேண்டியவர் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்கும்படி ஆகலாம். அவருக்குப் பலகை ஸ்ட்ரெச்சரும் கழுத்துப் பட்டையும் வேண்டும். தீக்காயம் பட்டவர் மேல் இட்லி மாவும் பேனா மையும் ஊற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. குளிர்ந்த நல்ல தண்ணீரை இருபது நிமிடம் ஊற்ற வேண்டும், தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, கை வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். இதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் அனுப்பமாட்டேன் என்கிறார்கள்.

தேடுவதற்கும் ஒழுங்கு வேண்டும். காட்டுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் ஊரே டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுகிறது. காணாமல் போனவரின் கால்தடம் அதிலேயே அழிந்துவிடும். நள்ளிரவில், தேடப் போனவர்களில் யார் இறங்கினார்கள், யார் மேலே இருக்கிறார்கள் என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. பாதை தொடங்கும் இடத்தில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, இன்னார் இந்த வழியாக இத்தனை மணிக்குப் போனார் என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் கூட்டக் கணக்கை வரி பிசகாமல் எழுதுகிறார்கள். அவர்களை விடப் பொருத்தமானவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், தேன் எடுக்கப் போனவரைத் தேடிச் சென்ற எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் ஓடைப் பாறையில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். தேன் எடுக்கப் போனவர் மறுநாள் தானாகவே நல்லபடியாக வந்துவிட்டார். தேடப் போனவர் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. ஏலத்தோட்டக் கூலிதான் அவர் வீட்டுக்கு வருமானம். அவருடைய மனைவி தாலிக்கொடியை அடகு வைத்ததை நான் அறிவேன். மனு கொடுத்த இடத்தில், உங்களை யார் போகச் சொன்னது என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் காதில் கேட்ட பிறகும் அந்தப் பிள்ளைகள் அடுத்த முறை ஏறினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது.

வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி, உபகரணப் பை, காப்பீடு என்று வகுத்தார்கள். அதே ஏற்பாட்டை மலையடிவாரத்துக்கு ஏற்றபடி செய்யலாம். பாதை தெரிந்த முதுவர், பளியர் பழங்குடி இளைஞர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் ஜீப் ஓட்டுநர்களையும் பெயர் பதிந்து, பயிற்சி நாளுக்கும் தேடும் நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். கூலி இல்லாத பயிற்சிக்கு வாருங்கள் என்று அன்றாடம் காய்ச்சிகளை அழைப்பது நியாயமாகாது. நிதி எங்கே என்பார்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகள் இருக்கின்றன, குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. மலை ஏற வருபவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். அதில் ஒரு பங்கை அந்தந்தப் பாதையின் அடிவார ஊர் மீட்புக் குழுவுக்கு ஒதுக்கினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பொருள்களை வைக்க ஊராட்சிக்கு ஓர் இரும்புப் பெட்டி போதும்: கயிறு, ஸ்ட்ரெச்சர், தலையில் மாட்டும் டார்ச், வாக்கிடாக்கி, தீக்காயத்துக்கான சுத்தமான துணிக்கட்டு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பெட்டியின் சாவி டவுனில் குடியிருக்கும் அலுவலரிடம் இருக்கக் கூடாது. ஊரிலேயே, இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வரும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் இந்தக் கோடைக்குள் ஓர் ஊராட்சியிலாவது தொடங்கிவைக்க வேண்டுகிறேன். முதலுதவி வகுப்பை நானும் என்னோடு ஓய்வு பெற்ற செவிலியர்களும் சம்பளம் இல்லாமல் எடுக்கத் தயாராக இருக்கிறோம். இடமும் தேதியும் சொன்னால் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்