வெள்ளைக் கட்டத்துக்குள் இருக்கும் முருகனைக் காட்டுங்கள்: ஊடகப் பட்டியல் மென்பொருள் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உருவாக்குநர் குழுவினருக்கு,

வணக்கம்.

கணினியில் உள்ள படக்கோப்புகளைச் சிறு படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் தங்கள் ஊடகப் பட்டியல் மென்பொருளின் புதிய பதிப்பை எங்கள் அச்சகக் கணினிகளில் சென்ற வாரம் நிறுவினோம். முந்தைய பதிப்பில் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்த கோப்புகள் இதிலும் வெள்ளையாகவே தெரிகின்றன. ஒரே முன்னேற்றம், தாங்கள் புதிதாகச் சேர்த்திருக்கும் தானியங்கிக் குறிச்சொல் வசதி அந்தக் கட்டங்களை உற்றுப் பார்த்து ‘ஆவணம்’ என்றும் ‘வெண்மை’ என்றும் பெயர் சூட்டியிருப்பதுதான். உள்ளே இருப்பவரோ ஆறுமுகமும் பன்னிரு கைகளுமாக மயில்மேல் அமர்ந்திருக்கும் முருகன். கிராபிக்ஸ் கோப்புகளுக்குப் பார்க்கத்தக்க முன்னோட்டப் படம் வேண்டும் என்ற கோரிக்கை தங்களுக்குப் புதிதல்ல என்பதால் பழைய கதையை மீண்டும் சொல்லப்போவதில்லை.

அந்த வெள்ளை எப்படி வருகிறது என்பதும் தாங்கள் அறிந்ததே. போட்டோஷாப்பில் படத்தின் பகுதிகளைத் தனித்தனி அடுக்குகளாக வைத்து வேலை செய்கிறோம். ‘மேக்ஸிமைஸ் காம்பாட்டிபிலிட்டி’ என்ற தேர்வை நீக்கிவிட்டுச் சேமித்தால், அந்த அடுக்குகளை ஒன்றாக்கிய முழுப்படம் அதன் பிஎஸ்டி கோப்பில் இராது. அதற்குப் பதிலாக, ஒன்றாக்கிய படம் சேமிக்கப்படவில்லை என்ற அறிவிப்பு பல மொழிகளில் எழுதப்பட்ட வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். அதைத்தான் தங்கள் மென்பொருள் சுருக்கி, எறும்பு ஊர்ந்தாற்போல் சில வரிகளாக எங்களுக்குக் காட்டுகிறது. வட்டில் இடம் போதாத நாட்களில் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அந்தத் தேர்வை நீக்கியே வேலை செய்த வடிவமைப்பாளர்கள் அநேகர். ஆனால் அத்தகைய கோப்புகளிலும், அடுக்குகளின் தரவு தொடங்குவதற்கு முன்பாகவே, சிறிய ஜேபெக் முன்னோட்டம் ஒன்று பெரும்பாலும் தனியாக இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினாலே எங்கள் துன்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அந்தத் துன்பம் எத்தகையது என்பதைச் சிவகாசியில் ஆடி மாதத்துக்கு முந்தைய வாரங்களில் வந்து பார்த்தால் தெரியும். வரும் ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது இங்குள்ள வழக்கம் என்பதால், அதற்குள் பழைய வடிவங்களைத் தேடியெடுத்துத் திருத்தி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வெளியூர் முகவர் ஒருவர் வந்து அமர்ந்து, “போன வருசம் நம்ம கடைக்குப் போட்ட அதே முருகன்தான் அண்ணாச்சி, பின்னாடி இருக்கிற நீலத்தை மட்டும் மாத்திருங்க” என்கிறார். பட்டியலில் ‘முருகன்’ என்று தேடினால் திரை முழுவதும் வெள்ளைக் கட்டங்கள். ஆபரேட்டர் முதல் கோப்பைத் திறக்கிறார். எழுத்துரு இல்லை என்று ஒரு பெட்டி வருகிறது, வண்ண விவரக்குறிப்பு பொருந்தவில்லை என்று இன்னொரு பெட்டி வருகிறது, இரண்டையும் தாண்டிப் படம் திரையில் வந்து நின்றபின் பார்த்தால் அது வள்ளி தெய்வானையுடன் நிற்கும் கோலம். மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறார். அது பழனி ஆண்டவர். ‘முருகன்_புதிது’, ‘முருகன்_புதிது_கடைசி’, ‘முருகன்_கடைசி_சரி’ என்ற பெயர்களை வைத்து எவராலும் எதையும் ஊகிக்க முடியாது. முகவர் தேநீர் குடித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். ஒரு பார்வையில் முடிய வேண்டிய வேலை இது. அதற்காகத்தான் பட்டியல் மென்பொருளை விலை கொடுத்து வாங்கினோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: கோப்புக்குள் இருக்கும் படத்தைக் காட்டுங்கள்.

கோரல் டிரா கோப்புகளில் இதற்குப் பெரிய வித்தைகூடத் தேவையில்லை. 2008இல் வந்த எக்ஸ்4 பதிப்பு முதல் அதன் சிடிஆர் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய ஒரு ஸிப் பொதி. பெயரின் வால்பகுதியை மாற்றித் திறந்தால் உள்ளே முன்னோட்டப் படம் தனிக்கோப்பாகவே கிடைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் கையால் செய்துகாட்டிய இந்தக் காரியத்தைத் தங்கள் மென்பொருள் செய்யாமல், எல்லாச் சிடிஆர் கோப்புகளுக்கும் ஒரே பொதுச் சின்னத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

படத்தை வரைவதற்கான கட்டளைகளைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் கொண்ட இபிஎஸ் கோப்புகளின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்னோட்டம் சேர்த்துச் சேமித்த கோப்புகளில் டிஃப் அல்லது டபிள்யூஎம்எஃப் வடிவில் படம் இருக்கும். சேர்க்காதவற்றில் போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலை இயக்கித்தான் படத்தை வரைய வேண்டும். அயலார் எழுதிய நிரலை இயக்குவதில் பாதுகாப்புச் சிக்கல் உண்டு. ஆப்பிள் நிறுவனமே 2022இல் வெளியான மேக்ஓஎஸ் வென்ச்சுராவின் ‘பிரிவியூ’ செயலியில் இபிஎஸ் கோப்புகளைத் திறக்கும் வசதியைக் கைவிட்டது. ஆனாலும் அந்த நிரலை இயக்கிப் படமாக்கும், 1988 முதல் இருந்துவரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளைக் கட்டுப்பாடான சூழலில் இயக்கிப் படம் எடுக்கும் வழி இருக்கிறது. அப்படிச் செய்யும்போது எங்களுக்காக இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற தமிழ் எழுத்துருக்களில் அடித்து, ‘கர்வ்’ ஆக்காமல் (எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றாமல்) விட்ட கோப்புகள் எங்களிடம் ஏராளம். அந்த எழுத்துரு கிடைக்காதபோது தங்கள் மென்பொருள் தானாக ஓர் ஆங்கில எழுத்துருவை மாற்றிப் போடுவதால், ‘நல்வாழ்த்துகள்’ என்ற தலைப்பு அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருக்களைப் பயன்படுத்துங்கள். அது இயலாவிட்டால் எழுத்துரு இல்லை என்ற சிறு குறியையாவது படத்தின் மூலையில் இடுங்கள்.

அச்சுக்கான நான்கு வண்ண (சிஎம்ஒய்கே) ஜேபெக் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடோபி மென்பொருள்கள் சேமிக்கும் சிஎம்ஒய்கே ஜேபெக்கில் வண்ண மதிப்புகள் தலைகீழாகப் பதிவாகியிருக்கும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதைத் திருப்பாமல் காட்டுவதால், செந்தாமரையில் அமர்ந்த லட்சுமி எங்கள் பட்டியலில் பழைய புகைப்பட நெகட்டிவைப் போல் காட்சி தருகிறார்.

இவையெல்லாம் இப்படி இருக்க, புதிய பதிப்பில் முகங்களை அடையாளம் காணும் வசதியும், படங்களுக்கு இதயச் சின்னம் இடும் வசதியும், பின்னணியைக் கருமையாக்கும் வசதியும் வந்திருக்கின்றன. பின்னணி கருமையானதும், எஸ்விஜி கோப்புகளில் ஒளிபுகும் தளத்தின்மேல் கறுப்புக் கோடாக வரைந்திருந்த கோலங்கள் அனைத்தும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன! வெள்ளையில் தெரியாதவை ஒருபுறம், கறுப்பில் தெரியாதவை மறுபுறம் என்று சமநீதி வழங்கியிருக்கிறீர்கள். ஆண்டுச் சந்தா மட்டும் எந்தப் பின்னணியிலும் தெளிவாகத் தெரிகிறது. படத்தைப் பார்ப்பதற்கென்றே பிறந்த மென்பொருளில் படத்தைத் தவிர மற்றதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் எனில் பொறுத்தருள்க. மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: கோப்புக்குள் இருக்கும் படத்தைக் காட்டுங்கள். முதலில் கோப்பிலேயே உள்ள முன்னோட்டத்தை எடுங்கள். அது மிகச் சிறியதாக இருந்தால் முழுக்கோப்பையும் பின்னணியில் வரைந்து பெரிய படத்தை உருவாக்குங்கள். இரவு முழுவதும் கணினி ஓடினாலும் எங்களுக்குக் கவலையில்லை. பன்னிரண்டு தாள் மாதக் காலண்டருக்கு முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல் மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்க்க வகைசெய்யுங்கள். கோப்பு திருத்தப்பட்டால் படமும் புதுப்பிக்கப்பட வேண்டும். தொலைபேசி எண் மாறிய பிறகும் பழைய எண்ணுள்ள படமே தெரிந்தால், அச்சுக்கான பிளேட் போடும்வரை எவருக்கும் சந்தேகம் வராது.

சோதனைக்கு வேண்டிய மாதிரிக் கோப்புகளை, வாடிக்கையாளர் பெயர்களை நீக்கி, ஒவ்வொரு வகையிலும் சில எண்ணிக்கையில் அனுப்பிவைக்க எங்கள் நிர்வாகம் இசைந்திருக்கிறது. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், எந்தப் பதிப்பில் இத்திருத்தத்தை எதிர்பார்க்கலாம் என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வடிவமைப்புப் பிரிவுப் பொறுப்பாளர்,
ஓர் ஆஃப்செட் அச்சகம், சிவகாசி