என் பாட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் முதல் ஆல்பம் வெளிவந்துவிட்டது. எட்டுப் பாட்டு. எட்டையும் நானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடினேன். எந்த மியூசிக் கம்பெனியும் பணம் போடவில்லை. "ஒத்த ஆளா நின்னு சாதிச்சிட்டியேம்மா" என்று குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சென்னை வரை பலரும் வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தை நான் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை. யாரிடம் எதை வாங்கினேன் என்று ஊரறியச் சொல்லிவிடுவதுதான் முறை. ஆல்பத்தின் குறிப்பில் அனைவரின் முழுப் பெயரும் இருக்கிறது. இங்கே நான் வாயாரக் கூப்பிடும் விதத்திலேயே எழுதுகிறேன்.

முதல் நன்றி அம்மாவுக்கும் எங்கள் தெருத் திண்ணைக்கும். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். இலையை ஊறவைத்து, தகடு வைத்து வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சேரும்வரை தலை நிமிர மாட்டார்கள். கை ஓடும்போது வாயில் பாட்டு ஓடும். நடவுப் பாட்டு, தாலாட்டு, அம்மன் பாட்டு, சாவு வீட்டுக்குப் போய்வந்த அன்று ஒப்பாரி. ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இலை தீர்ந்து ஒருத்தி எழுந்து போனால் அவள் வரியை இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். பாட்டு மட்டும் நிற்காது.

ஆல்பத்தின் இரண்டாவது பாட்டில் பல்லவி ஒவ்வொரு முறையும் வேறு குரலில் திரும்பி வருகிறதே, அந்த யோசனை எப்படித் தோன்றியது என்று சிலர் கேட்டார்கள். யோசனையே இல்லை, திண்ணையில் பாடுகிற முறை அது. பாடியதும் அதே அக்காமார்தான். மைக் முன்னால் நிற்கவைத்தபோது அவர்களுக்குக் குரலே எழவில்லை. பாயை விரித்து, முறத்தை மடியில் கொடுத்ததும் பாட்டு தானாக வந்தது. ஹெட்போன் போட்டுக் கேட்டால் நடுநடுவே கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். அதை எடுத்துவிட வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன்.

அடுத்து கூத்து வாத்தியார். செய்யாறு பக்கத்துக்காரர். இன்று அது திருவண்ணாமலை மாவட்டம். 1989-க்கு முன்னால் செய்யாறும் எங்கள் குடியாத்தமும் ஒரே வட ஆற்காடு மாவட்டம், கூத்தில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுக்குத் தன் ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, வந்து ஹார்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுவார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் விழுகிற படுகளமும் தீமிதியும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. பெண் பிள்ளை கூத்துக்காரரிடம் பாட்டுக் கற்பதா என்று பேசியவர்கள் உண்டு. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கத்துக்கணும்னு வந்த பிள்ளையை உட்காரச் சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான்.

அவர் ராகம் பெயர் சொல்லித் தொடங்கவில்லை. விருத்தம், அதாவது தாளம் இல்லாமல் ராகத்தோடு பாடுகிற செய்யுள், சொல்லத் தொடங்கினார். ஒரு சொல்லை எங்கே இழுக்கலாம், எங்கே இழுத்தால் பொருள் கெட்டுவிடும் என்பதுதான் முதல் பாடம். மத்தளமும், முகவீணை என்கிற ஊதுகுழலும், தாளமும் ஒன்றாக முழங்கும்போது மைக் இல்லாமல் பாடினாலும் கடைசி வரிசையில் இருக்கிற பாட்டிக்குச் சொல் தெரிய வேண்டும் என்பார். உச்சஸ்தாயியில் நின்று சொல்லை உடைக்காமல் பாடுவது அந்த மரபின் உயிர். இன்று என் பாட்டைக் கேட்டு "வரி தெளிவாகப் புரிகிறது" என்று யாராவது எழுதினால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான். ஏழாவது பாட்டில் வருகிற முகவீணையும் அவர் ஜமாவில் உள்ள அண்ணன் வாசித்தது. சின்ன வாத்தியம்தான், ஆனால் அறைக்குள் வாசித்தால் மற்ற எதையும் கேட்கவிடாது. கடைசியில் அண்ணனைத் தாழ்வாரத்தில் நிற்கவைத்து, கதவைத் திறந்து வைத்து, மைக்கை உள்ளேயே விட்டுப் பதிவு செய்தோம். திருவிழாவில் தூரத்திலிருந்து கேட்கிற மாதிரியே அமைந்துவிட்டது.

வேலூரில் நான் பாடிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் நன்றி. ஆடி மாதம் கோயில் திருவிழா, மற்ற மாதங்களில் கல்யாண ரிசப்ஷன். வேனில் போய் வேனில் வந்து குடும்பத்துக்குக் காசு கொடுத்த வேலை. கீபோர்டு அண்ணன் நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுருட்டும் நேரத்தில் கார்ட் பிடிக்க, அதாவது சுரங்களைச் சேர்த்து வாசிக்க, சொல்லிக் கொடுத்தார். அப்புறம் தன் பழைய கீபோர்டையே கொடுத்துவிட்டார்.

தொடர்ந்து பாடியதில் என் குரல் கெட்டது. மேல்ஸ்தாயியில் காற்றுதான் வந்தது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல் நாண்களில் சின்னதாக முடிச்சு விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். இனி பாடவே முடியாதோ என்று நான் அழுதபோது, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அந்த மேடம் பொறுமையாக விளக்கினார். இப்படிப்பட்ட முடிச்சுக்கு முதல் மருந்து ஓய்வும் பயிற்சியும்தான், கத்தி வைப்பது பல சமயம் தேவைப்படாது என்றார். கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று இசைத்துக்கொண்டே ஊத வேண்டும். வீட்டில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், நான் விடவில்லை. குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. மேடம், இன்றும் மேடை ஏறுவதற்கு முன்னால் அந்தப் பயிற்சியைச் செய்கிறேன். பாடுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், தொண்டை கம்மியது சில வாரங்களில் சரியாகவில்லை என்றால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பாலாற்றுப் பாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது எனக்குச் சொந்தமான பாட்டு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வாணியம்பாடி பக்கத்தில் ஒரு பெரியவர் தன் கிணற்று நீரைக் கையில் அள்ளிக் கொடுத்து வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. தோல் பதனிடும் கழிவு நிலத்தில் இறங்கியதால் தென்னை காய்ப்பு விட்டுப்போன கதையைச் சொன்னார். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதை, தேதி வரை நினைவு வைத்திருந்தார். ஆம்பூரில் ஒரு அண்ணன், தோல் ஷெட்டில் வேலை பார்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், வேறொரு பக்கத்தைச் சொன்னார். ஷெட்டை மூடினால் நாளைக்கு எங்கே போவது என்று கேட்டார். இருவர் சொன்னதும் பாட்டில் இருக்கிறது. பதிவுக்கு முன்னால் இருவரிடமும் பாடிக் காட்டினேன். பெரியவர் ஒரு வரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்ததே, கடைசிச் சரணம் அவர் சொன்ன அந்த ராத்திரிதான்.

இனி சத்துவாச்சாரி கோர்ட் வக்கீல் அக்கா. இவருக்கு எவ்வளவு எழுதினாலும் தகும். ஒரு கம்பெனி என் பாட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. அந்தத் தொகையில் வீட்டுக் கடன் அடைந்திருக்கும். பத்திரம் முழுக்க ஆங்கிலம். அக்கா ஒரு பைசா வாங்காமல் வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது, வரி ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. என்னிடம் நீட்டிய பத்திரத்திலோ உலகம் முழுக்க, என்றென்றைக்கும் என்று இருந்தது. "கையெழுத்துப் போடாதேன்னு நான் சொல்லலை. எதைக் குடுக்கிறேன்னு தெரிஞ்சு போடு" என்றார். தெரிந்துகொண்டேன், போடவில்லை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியைக் கேட்டு வாங்க 2012 சட்டத் திருத்தம் பலம் கொடுத்திருக்கிறது என்று விளக்கி, பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தின் உறுப்பினர் விண்ணப்பத்தையும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தந்தார். கிராமத்தில் மெட்டுக் கட்டும் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு அக்கா கிடைப்பதில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

என் தம்பி ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். அவனுடைய தீபாவளி போனஸ்தான் என் கண்டென்சர் மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸும். தனக்கென்று சட்டைகூட எடுக்கவில்லை. காட்பாடி ஸ்டுடியோ அண்ணன், கடை மூடிய பிறகு வாடகை இல்லாமல் இடம் கொடுத்தார். ரயில் போகிற நேரங்களைச் சுவரில் எழுதி ஒட்டி, நடுவில் கிடைத்த இடைவெளியில் பாடவைத்தார். மிக்ஸிங், மாஸ்டரிங், ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்கிற பதிவு அடையாள எண் வாங்கி ஆன்லைனில் ஏற்றுவது எல்லாம் அவர் கைவேலை.

ஸ்ட்ரீமிங்கில் வருகிற காசு இன்னும் டீச்செலவுக்குத்தான் காணும். ஆல்பம் முடிந்தது, பாட்டு வரும் முன்பே நம்பிப் பணம் அனுப்பிய உங்களால். கைலி நெய்கிற மாமா, பேர்ணாம்பட்டு டீச்சரம்மா, வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு மாதாமாதம் கொஞ்சம் அனுப்பிய தம்பி, நூறு ரூபாய் அனுப்பிவிட்டு "இவ்வளவுதான் முடிஞ்சது அக்கா" என்று எழுதிய கல்லூரிப் பிள்ளை, எல்லோருக்கும் கை கூப்பிய வணக்கம். அந்த நூறு ரூபாய்ச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

திண்ணை அக்காமாருக்கும், முகவீணை அண்ணனுக்கும், பாலாற்றுப் பாட்டுக்குச் சொல் தந்த இருவருக்கும் அந்தந்தப் பாட்டின் வருமானத்தில் பங்கு உண்டு. வக்கீல் அக்கா அதைத் தமிழிலேயே ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறார், எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. முதல் கணக்கு வந்ததும் நானே வீடு வீடாக வந்து கொடுக்கிறேன். குறிப்பில் யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பாட்டுக்காரி,
குடியாத்தம்