ஈரத்தலையைக் கட்டாதே, பாப்பா

மஸ்கெலியா
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. தம்பி சனிக்கிழமைகளில் கணக்கு டியூஷனுக்கு ஹட்டனுக்குப் போய் வருகிறான். நீ அனுப்பிய காசில் கூரைத் தகரம் மூன்று மாற்றினோம், மிச்சம் அந்த டின்னில் இருக்கிறது, யாரும் தொடவில்லை. மவுசாகலை அணையில் தண்ணீர் இறங்கி, மூழ்கிய பழைய கோயில் மறுபடி வெளியே தெரிகிறது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் என்பதால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மாமா விஷயத்தை நான் எழுதவில்லை, நீயும் கேட்காதே.

சரி, செய்தி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது உன் தலைமுடியைப் பற்றி.

பொங்கலுக்கு வந்த சின்னம்மா மகள் போனில் உன் படத்தைக் காட்டினாள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் ஸ்கார்ஃப், ஹோட்டல் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாய். லயத்து வீடுகள் முழுவதும் கொண்டுபோய்க் காட்டினேன். கடைசிக் காம்பரா அக்கா, "நம்ம புள்ளயா இது?" என்று மூன்று தரம் போனை வாங்கிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இரவு எல்லோரும் படுத்த பிறகு அதே படத்தை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியின் இரண்டு ஓரத்திலும் முடி மேலே ஏறியிருக்கிறது. காதுக்கு முன்னால் ஒரு சுருள் விழுமே, அப்பாயியிடமிருந்து வந்த சுருள், அது இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும் என்று வேறு படம் காட்டச் சொன்னேன். அதிலும் அப்படித்தான்.

வீடியோவில் பேசும்போது நீ ஏன் கேமராவை மேலே விசிறி தெரிகிற மாதிரி வைக்கிறாய் என்று அப்போதுதான் யோசித்தேன். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நீ எப்படித் தலை கட்டுகிறாய் என்று சின்னம்மா மகளிடம்தான் கேட்டேன். விடிய நாலு மணிக்குக் குளிக்கிறாயாம். ஈரம் சொட்டச் சொட்ட ஜெல் தடவி, வாரி இழுத்து, ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி, உச்சியில் கொண்டை வைத்து, மேலே வலை போடுகிறாயாம். இரவு வந்து அப்படியே தூங்கிவிடுகிறாயாம். "ரூம்ல எல்லாரும் அப்படித்தான் பெரியம்மா" என்றாள். எல்லோரும் செய்தால் முடிக்கு வலிக்காதா? அவளிடம் சொல்லத் தெரிந்த உனக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பரவாயில்லை.

முதலில் இதைக் கேள். ஈரத்தலையைக் கட்டாதே. ஈரத்தில் முடி ரப்பர் மாதிரி இழுபடும், இழுபட்ட இடத்தில் அறும். இரவிலேயே குளித்துக் காயவிட்டுப் படு. இரவு முடியாது என்றால் காலையில் துவாயால் ஒற்றி எடு, தேய்க்காதே, முக்கால்வாசியாவது காய்ந்த பிறகு கட்டு. அங்கே கொழும்பு வெயில்தானே, இங்கே மாதிரி மூன்று நாள் ஈரம் நிற்காது.

என் தலையைப் பற்றி உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் தேயிலைக் கூடைக்கயிறு உட்கார்ந்த இடம். ஒரு நடைக்கு எட்டுக் கிலோ, பத்துக் கிலோ, மழை நாளில் ஈரக்கொழுந்து இன்னும் கனம், எல்லாம் அந்த ஒரு கயிற்றில் தொங்கும். துணியை மடித்து வைத்தாலும் கயிறு அதன் வேலையைச் செய்துவிட்டது. போன வருஷம் அரிப்பு தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாய் என்று. டாக்டரம்மா உன்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருப்பாள். முக்காட்டை எடுக்கச் சொல்லி வெறுங்கையால் என் தலையைத் தொட்டுப் பார்த்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இழுபட்டதில் வேர் செத்துவிட்டது, தோல் வழுவழுப்பாகிப் பளபளக்கிற இடத்தில் இனி முளைக்காது என்றாள்.

"இது கூடை தூக்குறவங்களுக்கு மட்டும் வர்றதா டொக்டர்?" என்று கேட்டேன். கூடையே வேண்டாம், இறுக்கிக் கட்டின கொண்டையே போதும் என்றாள். கிரீன்லாந்து என்று ஒரு பனி நாடு இருக்கிறதாம். அங்கே பெண்கள் தலைமுடியை உச்சிக்கு இழுத்து இறுக்கிக் கட்டி, நெற்றியோரம் வழுக்கை விழுந்ததை 1907-லேயே ஒரு டாக்டர் எழுதி வைத்திருக்கிறாராம். அன்று அதைக் கேட்டு ஊர்க்கதை மாதிரி விட்டுவிட்டேன். பொங்கல் இரவு உன் படத்தைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது, அப்புறம் தூக்கம் வரவில்லை.

ஆனால் அவள் நல்லதும் சொன்னாள். தொடக்கத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வரும். நீ கண்ணாடி முன்னால் நின்று வெளிச்சத்தில் பார். நெற்றி ஓரத்தில் பூனைமுடி மாதிரி மெல்லிய முடி, குட்டையாக நறுக்கின மாதிரி முடி தெரிந்தால் வேருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சீப்பில் வருகிற முடியையும் எடுத்துப் பார். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்த முடி, நாளைக்கு ஐம்பது நூறு எல்லோருக்கும் உதிரும், பயப்பட வேண்டாம். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் அறுந்த முடி. எது அதிகம் என்று எனக்குச் சொல். வளர்வது மாதத்துக்கு அரை அங்குலம்தான், ஆகவே அந்தச் சுருள் பழைய இடத்துக்கு வர வருஷம் ஆகும். பொறுக்கலாம். வந்தால் போதும்.

ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடு. இரும்புப் பூட்டு வைத்த ஹெயார் பேண்டும் வேண்டாம், பூட்டில் சிக்கி முடி அறும். துணி சுற்றினதை ஒரு சுற்று, கூடினால் இரண்டு சுற்று. கட்டின பிறகு புருவத்தைத் தூக்கிப் பார், நெற்றித் தோல் இழுபட்டால் அவிழ்த்துக் கட்டு. கொண்டையை உச்சியிலேயே வைக்காதே. ஒரு நாள் பிடரிக்கு மேலே, ஒரு நாள் கொஞ்சம் உயரத்தில், ஒரு நாள் ஒரு பக்கமாக. ஒரே இடத்தில் இழுத்தால் ஒரே இடம்தான் போகும், என் உச்சியைப் பார்த்துக்கொள். அப்பாயி ரப்பர் போட்டு நீ பார்த்திருக்கிறாயா? முடியைச் சுருட்டிப் பிடரியில் வைத்து நாலு கொண்டை ஊசியில் நிறுத்திவிடுவாள். எழுபது வயதிலும் கைகொள்ளாத கொண்டை. அவளும் கூடை தூக்கினவள்தான், அவளுக்கு மட்டும் எப்படித் தப்பியது என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி வாங்கும்போது முனையில் உருண்டை இருக்கிறதா என்று பார், அது கழன்ற ஊசி முடியைக் கிழிக்கும்.

ஹோட்டல் சட்டம் என்பாய். சட்டம் முடி முகத்தில் விழக்கூடாது என்றுதானே இருக்கும்? பிடரிக்கொண்டை போடலாமா என்று மேற்பார்க்கிறவரிடம் கேள். பணிவாகக் கேள், ஆனால் கேள்.

ஜெல் காய்ந்து கெட்டியான தலையில் சீப்பு வைக்காதே. முதலில் தண்ணீரில் ஊறவைத்து அலசு. சிக்கை நுனியிலிருந்து எடுத்து மெல்ல மேலே வா, பல் அகன்ற சீப்பால். தலை குளிக்கிறதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவு, நீளத்துக்கும் நுனிக்கும். தண்ணீரில் முடி ஊதி உடைவது குறையும். எண்ணெய் வேரை முளைக்க வைக்காது, அதைச் சொல்லிக் காசு பிடுங்குகிறவர்களை நம்பாதே. தூங்கும்போது தளர்வாக ஒரு பின்னல். கொண்டையோடு தூங்காதே. ஈரத்தலையோடு கட்டாதே.

சாப்பிடுகிறாயா? படத்தில் கழுத்து எலும்பு தெரிகிறது. முட்டை வாங்கிக்கொள், பருப்பு, நெத்தலி, முருங்கைக்கீரை. இரத்தம் குறைந்தாலும் முடி கொட்டும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்காதே, சாப்பாட்டிலிருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. தம்பி வயிற்றில் இருந்தபோது மிட்வைஃப் மிஸ் சொன்னது. தேயிலைக்குள்ளேயே கிடக்கிற எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடி. மாதாமாதம் இருபதாயிரம் அனுப்புகிறாயே, உனக்கென்று என்ன வைத்துக்கொள்கிறாய்? அடுத்த மாதம் பத்துப் போதும். கூரை ஒழுகவில்லை. தம்பி டியூஷன் காசை நான் பார்த்துக்கொள்வேன். உன் படிப்புக்கும் உன் இங்கிலீஷுக்கும் இந்தத் தோட்டத்திலேயே ஈடு கிடையாது, அது எனக்குத் தெரியும். அதற்காக நீ பட்டினி கிடந்து அனுப்புகிற காசை வாங்கித் தின்கிறவள் என்று என்னை நினைத்துவிடாதே.

இதற்கு மேல் எழுத இருந்தது நெத்தலி விலை. அதை விடு. வேறொன்று எழுத வேண்டும், மூன்று இரவாக எழுதாமல் தள்ளிப்போடுகிறேன்.

அந்தச் சிவப்புச் சீப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அஞ்சாம் வகுப்பு, புலமைப்பரிசில் வருஷம். தலை கலைந்திருக்கிறது என்று உன்னைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைத்ததாகச் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளை என்றால் இப்படித்தான் என்று யாரோ சொன்னதாகவும் என் காதுக்கு வந்தது. மறுநாளிலிருந்து ரெட்டைப் பின்னலை இழுத்தேன், உன் கண் இரண்டும் மேலே ஏறும். "வலிக்குதும்மா" என்பாய். பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கிறதற்கு, நேரமாகிவிடும், பிந்தினால் திருப்பி அனுப்புவார்கள், அரைப்பேர் கூட, அரைநாள் சம்பளம் கூட விழாது, அந்த அவசரத்தில் இன்னும் இழுப்பேன். வகிடு ஓரத்தில் சின்னச் சின்னப் பருவாக எழும்பியது. பேன் கடி என்று நினைத்து எண்ணெய் வைத்து அதன்மேலேயே கட்டினேன். கிளினிக்கில் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது, வேர் தாங்காமல் எழும்புவது அந்தப் பரு. அப்போதே உன் தலை எனக்குச் சொல்லியிருக்கிறது.

ஒரு நாள் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து பின்னலைத் தளர்த்திக்கொண்டு போனாய். கங்காணி பார்த்துவிட்டு மலையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று பின்னேரம் நான் அந்தச் சீப்பால் உன்னை அடித்தேன். இரண்டு பல் உடைந்து விழுந்தது. இனி வலிக்குது என்று வாயைத் திறந்தால் பார் என்றேன். நீ திறக்கவில்லை. மறுநாள் காலையில் என் முழங்காலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் தலையைக் கொடுத்தாய். பிள்ளை திருந்திவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அதற்கப்புறம் நீ எனக்கு எதையும் சொன்னதில்லை, பாப்பா. ஏ.எல். பரீட்சைக்கு நூற்று மூன்று காய்ச்சலோடு போனாய், எனக்குத் தெரியாது. கொழும்பில் முதல் மாதம் என்ன பட்டாய் என்று எனக்குத் தெரியாது. "ஒண்ணுமில்ல அம்மா" என்பாய். அதைப் பழக்கினவள் நான். பெரட்டு, அரைப்பேர் எல்லாம் உண்மை, ஆனால் ஒரு பிள்ளையைச் சீப்பால் அடிக்கிறதற்கு அது காரணம் ஆகாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

தலை மட்டும்தானா, வேறெதுவும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஏதாவது இருந்தால் சொல். அடிக்க மாட்டேன், அழ மாட்டேன், அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாலும் இந்தக் காம்பராவில் உனக்கு இடம் இருக்கிறது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை சின்னம்மா மகள் கொழும்புக்குத் திரும்புகிறாள். அவளிடம் பார்சல் கொடுத்துவிடுகிறேன். என் நீலச் சேலையின் முந்தானையை வெட்டி ஆறு தலைப்பட்டி தைத்திருக்கிறேன், வழவழப்பான துணி, உள்ளே மெல்லிய இலாஸ்டிக். மிச்சத் துணியில் ஒரு தலையணை உறை. பல் அகன்ற சீப்பு ஒன்று, கொண்டை ஊசி ஒரு பெட்டி, எண்ணெய் ஒரு போத்தல், நெத்தலி தனியாகக் கட்டியிருக்கிறேன்.

வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு மேல் கோல் எடு. வந்ததும் கொண்டையை அவிழ்த்துவிட்டு எடு. கேமராவை முகத்துக்கு நேரே வை, எப்படி இருந்தாலும் நான் பார்க்கிறேன். நானும் முக்காட்டை எடுத்துவிட்டு உட்காருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

எண்ணெய்ப் போத்தலின் மூடி சரியாக நிற்கவில்லை. நிமிர்த்தி வைக்கச் சொல்லி அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் பார்த்துப் பிரி.