அட்டைக்குப் பின்னால் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எஸ்.ஆர். மாத்திரை, அதாவது மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை, என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேராகக் கேட்டுவிடுகிறேன்: மெதுவாகக் கரையும் மாத்திரை ஒவ்வொன்றின் குழிக்குப் பின்னாலும் ‘பொடிக்காதீர்கள்’ என்று அந்தந்த மாநில மொழியில் அச்சிட உத்தரவிடுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி, குளியலறை வாசலிலேயே விழுந்துவிட்டார். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்ய வேண்டிய நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை. பாட்டியால் விழுங்க முடியவில்லை என்று மருமகள் அதைச் சின்ன உரலில் நுணுக்கிக் கஞ்சியில் கலந்து கொடுத்திருக்கிறார். நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையில் நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மருந்தின் பெயரும் அதை ஒட்டியிருந்த, மெதுவாக வெளிவிடும் ரகம் என்று சொல்லும் ‘ரிடார்ட்’டும் கடையிலேயே தங்கிவிட்டன. வீட்டுக்கு வந்த துண்டில் இருந்தது பாதித் தேதியும் பாதி விலையும்தான்.

இப்படிப்பட்ட மாத்திரைகள் பலவற்றில் மருந்தைப் பிடித்துவைத்திருப்பது ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமர். ஈரம் பட்டதும் மேல்பரப்பு உப்பி, வழவழவென்று கூழாகிவிடும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் போல நீரில் எளிதில் கரைவது அதன் வழியே கசிந்து வரும். கரைய அடம்பிடிக்கும் மருந்தோ, கூழ் தேயத் தேயத்தான் வெளியே வரும். எந்த ரகப் பாலிமர், எவ்வளவு, மருந்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவே மாத்திரை உருவாக்கும் எங்களுக்கு மாதக்கணக்காகிறது. 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் வைத்து, கெடாமல் இருக்கிறதா என்று பார்த்த கணக்கைக் கேட்கிறீர்கள், கொடுக்கிறோம். கேட்பது நியாயம்தான். அத்தனையும் உரலில் இரண்டு இடிக்குத் தாங்குவதில்லை. மாத்திரை கரையும் வேகத்தைப் பார்க்கும் சோதனையில் கலக்கும் துடுப்பு நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. உரலுக்கும் ஒன்று போட்டுவிட்டால் எங்களுக்கு வசதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பல்லாடோன் என்ற மெதுவாக வெளிவிடும் வலிநிவாரணி, மதுவோடு சேர்ந்தால் உள்ளிருக்கும் மருந்து ஒரேயடியாக வெளியேறிவிடும் என்று தெரிந்ததும் 2005-ல் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. நான் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு வரி கேட்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கை போட்டு முடித்துவிடவும் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால் சக்சினேட் தயாரிப்புகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் குட்டி உருண்டைகளுக்குத் தனித்தனிப் பூச்சு உண்டு. அந்த மாத்திரைகளை மேலே உள்ள கோட்டில் பாதியாக உடைக்கலாம், பொடிக்கத்தான் கூடாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோல் மாத்திரையை உடைக்கவே கூடாது. பூச்சு போனால் மருந்து வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும். எதை எப்படி விழுங்க வேண்டும் என்பது தயாரிப்பவருக்குத் தெரியும். அதை அட்டையில் சொல்லவைக்க உங்களால்தான் முடியும்.

இடம் போதாது என்று கம்பெனிகள் சொல்லும், எங்கள் கம்பெனி உட்பட. பிராண்டு பெயருக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

லேபிள் விதிகளை அடுத்துத் திருத்தும்போது, ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் அந்த மாத்திரைக்கேற்ற வரி இருக்க வேண்டும் என்று சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ‘விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள்’ என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மாத்திரை உருவாக்கப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவன்