நூறைத் தொடும் நேரம் மட்டும் போதாது: சொகுசு செடான் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் புதிய கார் எது வந்தாலும், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி என்றுதான் முதலில் பார்ப்பேன். சின்ன வயதுப் பழக்கம். ஆனால் அந்த ஒரே எண்ணை நீங்கள் முன்னால் நிறுத்துவது இப்போது எனக்கு உறுத்துகிறது.

பிஎம்டபிள்யூ எம்5 காரையே எடுத்துக்கொள்வோம். 2017இல் அறிமுகமான எஃப்90 தலைமுறைக்கு 600 குதிரைத்திறன், 3.4 வினாடி. 2024இல் வந்த அடுத்த தலைமுறையான ஜி90க்கு மின்மோட்டாரும் சேர்த்து 727, ஆனால் 3.5 வினாடி! கூடிய திறனை எடை தின்றுவிட்டது. வண்டி இப்போது 2,400 கிலோவைத் தாண்டி நிற்கிறது. அந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் டயர் சுமக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிரேக் நிறுத்த வேண்டும்.

அப்புறம் அந்த 'ரோல்அவுட்'. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் மணிக்கு 60 மைலை (சுமார் 97 கிலோமீட்டர்) தொடும் 1.99 வினாடிக் கணக்கில், நின்ற இடத்திலிருந்து முதல் ஓரடி நகரும் நேரம் சேராது. நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் (drag) பந்தயத்திலிருந்து வந்த வழக்கம் அது. அந்த ஓரடிக்கே சுமார் கால் வினாடி பிடிக்கும். சாலையில் ஓட்டுபவருக்கு அந்தக் கால் வினாடியை யார் கழித்துத் தருவார்கள்?

ஒருமுறை ஓர் உயர்திறன் செடானில், இருவழிச் சாலையில், லாரிக்குப் பின்னால் 80இல் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் காலி. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கியர் கீழே இறங்க வேண்டும், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவில் அழுத்தம் ஏற வேண்டும். அதற்குள் தூரத்தில் ஒரு முகப்பு விளக்கு தெரிந்தது. பிறகுதான் முதுகு சீட்டோடு ஒட்டியது. லாரியைத் தாண்டி உள்ளே வந்தபோது கை வியர்த்திருந்தது. அந்த ஒரு நொடித் தயக்கம் உங்கள் விவரத்தாளில் எங்கேயும் இல்லை.

இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் ஆக்சிலரேட்டரை மிதித்து, நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய உதவும் லாஞ்ச் கன்ட்ரோலில் கிளம்பும் வேலையைத் தினமும் யாரும் செய்வதில்லை. முந்திச் செல்வதைத் தினமும் செய்கிறோம். அதனால் 80இலிருந்து 120க்குப் போகும் நேரத்தை, சாதாரண ஓட்டு முறையில், பெடலை மிதித்த கணத்திலிருந்து அளந்து அச்சிடுங்கள். பக்கத்திலேயே வண்டியின் எடையும், 100இலிருந்து நிற்கப் பிடிக்கும் தூரமும் அதே எழுத்தளவில் இருக்கட்டும்.

அளக்கும் கருவிகள் உங்கள் சோதனைத் தடங்களில் இருக்கின்றன. அடுத்த காரிலேயே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கார்களை விரும்பி ஓட்டும் ஒருவன்